பதினேழாம் பயிற்சிக்கு ஏரி சாட்சி

ஓஸ்லண்ட் நகரத்தின் சரித்திரத்தை யாராவது எழுத முன்வந்தால், ஜனவரி ஆறாம் தேதிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும் என்பது வெர்னன் டெஷ்ஷின் உறுதியான கருத்து. அன்று மாலை நாலே காலுக்கு, தம் வீட்டு நிலவறையில், ஒரு மர நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை மடியில் அணைத்துக்கொண்டு, அவர் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு எண்ணிக்கை வரை மூச்சு விடாமல் ஊதினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அதற்குச் சமமான நிகழ்ச்சி அந்த வாரத்தில் வேறு எதுவும் நடக்கவில்லை.

பதின்மூன்றாவது எண்ணிக்கையில் மேலே ஏதோ உடைந்தது.

"வெர்ன்." மாடிப்படி வழியாக மனைவி லாவோனின் குரல் இறங்கி வந்தது. "எங்கம்மா கொடுத்த கேசரோல் பாத்திரம் போச்சு."

"எப்படி இருந்துது?"

"கண்ணாடியில. நீலப் பூ போட்டு."

"நான் சுரத்தைக் கேட்டேன்."

துடைப்பத்தின் ஓசை மட்டும் கேட்டது.

வெர்னனுக்கு ஐம்பத்தாறு வயது. தபால் நிலையத்தில் காலை வேலை. நகர பேண்டில் இருபத்தேழு வருடமாக இரண்டாம் டியூபா. இரண்டாம் டியூபாவின் பணி எளிமையானது: கீழே ஒரு சுரம், கொஞ்சம் மேலே ஒரு சுரம், மறுபடி கீழே. இந்த இரண்டை வைத்துக்கொண்டே அவர் இருபத்தேழு ஜூலை நான்காம் தேதிச் சுதந்திர தினங்களைக் கடந்துவிட்டார். இந்த வருடம் முதல் டியூபாக்காரர் மூட்டுவலிக்குப் பயந்து வெயில் மாநிலமான அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். நாற்காலி காலி. அதில் உட்காருகிறவர்தான் ஜூலை நான்காம் தேதி பூங்கா மேடையில் தனியாக எழுந்து நின்று வாசிப்பார். பேண்ட் ஆரம்பித்த நாளிலிருந்து டியூபாவுக்குத் தனி வாசிப்பு கொடுப்பது இதுவே முதல் தடவை.

அந்த நாற்காலி தமக்குத்தான் என்று தபால்தலை வாங்க வந்த எல்லோரிடமும் வெர்னன் சொல்லியாகிவிட்டது. தபால்தலை வாங்காதவர்களிடமும் சொல்லியிருந்தார். பேண்டின் நீல ஜாக்கெட்டில், மார்புப் பக்கம், 'முதல் டியூபா' என்று தங்க நூலில் தைத்தும் வாங்கிவிட்டார்.

இடையில் ஒரே ஒரு தடங்கல் இருந்தது. அதன் பெயர் டாக்டர் கர்ட்டிஸ் நெல்லெசன், ஊரின் பல் மருத்துவர், மூன்றாம் டியூபா. அவரும் அதே நாற்காலிக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதைவிடப் பெரிய தடங்கல், லாவோன் வேலை பார்ப்பது டாக்டரின் கிளினிக்கில், வரவேற்பு மேஜையில். இந்த வீட்டில் பேசினது எதுவும் அங்கே போகாது என்று லாவோன் சத்தியம் பண்ணுவாள். பத்து நிமிஷத்தில் போய்விடும்.

தேர்வு மார்ச் முதல் சனிக்கிழமை. பேண்டை நடத்தும் ஆர்டித் ஸ்கார், பள்ளிக்கூடத்தில் இசை சொல்லித்தருபவர், பரீட்சைக்கு ஒரு புத்தகத்தைக் குறித்திருந்தார்: டியூபாவுக்கான அறுபது படிப்படிப் பயிற்சிகள். அதில் பதினேழாவதை வாசிக்க வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'ஒரு பயிற்சியைத் தொடர்ந்து இருமுறை பிழையின்றி வாசிக்கும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பாதே' என்று அச்சடித்திருந்தது. வெர்னன் அதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்கூட வராத பக்தியோடு தலையாட்டினார். ஒரு சிவப்பு அட்டை நோட்டு வாங்கினார். முதலில் நீள் சுரங்கள், பிறகு தாளக் கருவியான மெட்ரோனோமை அறுபதில் வைத்து ஸ்கேல் எனும் சுரவரிசை, தினம் இரண்டு புள்ளி வேகம் கூட்டுவது, ஒவ்வொரு நாளும் நடந்ததை நோட்டில் எழுதுவது என்று திட்டம் போட்டார்.

திட்டத்தில் குறை இல்லை. வீட்டில்தான் இருந்தது. நிலவறையில் ஊதினால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் ஒரு டியூபா போய்ச் சேர்ந்தது.

கேசரோல் பாத்திரத்துக்குப் பிறகு வெர்னன் கராஜுக்கு மாறினார். அங்கே பக்கத்து வீட்டு ரோலி பென்கேயின் வேட்டை நாய் அவர் ஊதும்போதெல்லாம் கூடவே ஊளையிட்டது. நாலாம் நாள் அந்தத் தெருவில் ஏழு நாய்கள் அறுபது மெட்ரோனோமில் பயிற்சி செய்தன.

ரோலி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"நாயைத் திட்ட மனசு வரல, வெர்ன். அதுக்குச் சுதி சரியா இருக்கு."

"அப்போ என்ன பிரச்சனை?"

"உனக்கு இல்லயே. உன்னைத் திட்டலாம்னு வந்தேன்."

கடைசியில் வழி காட்டியது ஊர் ஓரத்துச் சேற்று ஏரிதான். ஜனவரியில் அது ஒன்றரை அடி தடிமனுக்கு உறைந்து கிடக்கும். பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்காக, தூண்டில் கடை வைத்திருக்கும் டொரீன் கூபியாக் அதன்மேல் மரக் கொட்டகைகளை இழுத்துவந்து போட்டு வாடகைக்கு விடுவாள். ஆறடிக்கு ஆறடி. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு கேஸ் ஹீட்டர், தரையில் ஒரு துளை. டொரீன் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவள், நிர்வாகக் குழுவில் செயலாளர். குறைவாகப் பேசுவாள்.

"தள்ளி இருக்கிற கொட்டகையா வேணும்," என்றார் வெர்னன். "யாரும் வராத பக்கம்."

"வடக்கு ஓரத்துல ஒண்ணு இருக்கு."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"நான் யாரையும் கேக்கறதில்ல. மீன் பிடிக்க வர்றவங்களும் உண்டு, வீட்டுலருந்து தப்பிக்க வர்றவங்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் சாவி ஒண்ணுதான்."

லாவோனிடம் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னார். டியூபாவைக் கம்பளியில் சுற்றி, சறுக்குப் பலகையில் ஏற்றி, பிணத்தை மறைக்கப் போகிறவர் போல இழுத்துக்கொண்டு பனிமேல் நடந்தார்.

முதல் நாள் டியூபாவின் ஊதுவாயைக் குளிரில் வெளியே வைத்திருந்துவிட்டு உதட்டில் வைத்தார். அது உதட்டோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஊரில் ஐந்து வயதுக் குழந்தைகூட, நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று, குளிரில் கொடிக்கம்பத்தை நக்காது. வெர்னன் வாயில் பித்தளை முளைத்தவராக டொரீனின் கடைக்கு அரை மைல் நடந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆறின காபியை ஊற்றிக் கழற்றிவிட்டாள். அடுத்த நாள் முதல் ஊதுவாய் அவர் அக்குளில் பயணம் செய்தது.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

பனிமூட்டம். கொட்டகைக்கு வெளியே கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. வெர்னன் நாலு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, கீழேயிருந்து ஒரு சுரத்தை எடுத்து, மெல்ல வளர்த்து, மெல்லக் குறைத்து, நிறுத்தினார். ஏரி அமைதியாக இருந்தது. பிறகு, தூரத்தில், வெண்மைக்கு அப்பாலிருந்து அதே சுரம் திரும்பி வந்தது. உருண்டையாக, கனமாக, வெண்ணெய் தடவினது போல.

வெர்னன் டியூபாவை இறக்கி வைத்தார். கண் கலங்கியதற்கு ஹீட்டரைக் காரணமாகச் சொல்ல முடியாது. அவர் இருபத்தேழு வருடம் ஊதியிருக்கிறார், யாரும் ஒரு தடவையும் திரும்பிக் கேட்டதில்லை. இப்போது ஒரு ஏரி கேட்டது. கேட்டு, பதிலும் சொன்னது.

நோட்டில் எழுதினார்: 'எதிரொலி. என் சுரம் வெளியே எப்படிக் கேட்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். நானே எதிர்பார்க்கவில்லை.'

டொரீனிடமும் சொன்னார்.

"உன் ஏரியில எதிரொலி இருக்குன்னு உனக்குத் தெரியுமா, டொரீன்?"

டொரீன் தொட்டியிலிருந்து குட்டி மீன்களை அள்ளிக்கொண்டிருந்தாள். வலையோடு கை அப்படியே நின்றது.

"அப்படியா," என்றாள். மறுபடி அள்ளினாள்.

அதன் பிறகு வெர்னன் ஆளே மாறிப்போனார். தோளை விரித்து நடந்தார். தபால் பிரிக்கும்போது உதட்டை மட்டும் அதிரவிட்டுப் பயிற்சி செய்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அதைத் தேனீ என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். பிப்ரவரி நடுவில் பதினைந்தாம் பயிற்சி முடிந்தது, இருமுறை, பிழையின்றி. ஒவ்வொரு சொற்றொடருக்கும் நிறுத்தி, காதைத் தீட்டி, ஏரியின் தீர்ப்பைக் கேட்டார். தீர்ப்பு எப்போதும் சாதகமாகவே இருந்தது.

வீட்டில்தான் சாதகமாக இல்லை. தினம் மீன் பிடிக்கப் போகிறவர் மீன் கொண்டுவர வேண்டும் என்று லாவோன் எதிர்பார்த்தாள். டொரீனின் ஃப்ரீசரில் இருந்து வாங்கிச் சமாளித்தார்.

"உனக்குத் தர்றதுக்கு இதுதான் கடைசி," என்றாள் டொரீன். "வெறுங்கையோட வீட்டுக்குப் போகப் பயப்படற ஆள் நீ மட்டும் இல்ல."

மறுநாள் அவசரத்தில் மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கிப் போனார்.

லாவோன் பிரித்துப் பார்த்தாள். "சேத்து ஏரியில சால்மன் எப்போலருந்து?"

"ஏரி மாறிட்டு வருது, லாவோன்."

"எலுமிச்சையும் மிளகும் தடவிக்கிட்டா நீந்துது?"

அவர் பதில் தேடுவதற்குள் அவள் அவர் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். உதட்டைச் சுற்றி அச்சுக் குத்தினது போல ஒரு சிவப்பு வட்டம்.

"யார் அவ?" என்றாள் லாவோன், நிதானமாக.

"யாரு யாரு?"

"மத்தியானம் போற. இருட்டினப்புறம் வர்ற. கடை மீனைக் காட்டற. உதடு இப்படி இருக்கு. வந்து உட்கார்ந்து தனியா சிரிக்கற. இருபத்தொன்பது வருஷத்துல என்னைப் பார்த்து நீ அப்படிச் சிரிச்சதில்ல."

உண்மையைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் டாக்டருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இருபத்தொன்பது வருடம் போய்விடும். வெர்னன் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"ஏதோ தோல் வியாதி," என்றார்.

"அப்படியா? நாளைக்குக் காலையில லீவு போடு. பத்தரைக்கு டாக்டர்கிட்ட காட்டறோம்."

இப்படியாகத்தான் ஓஸ்லண்ட் நகரத்தின் வருங்கால முதல் டியூபா, தம் எதிரியின் நாற்காலியில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு படுத்தார்.

டாக்டர் நெல்லெசன் முகமூடிக்கு மேலே இரண்டு களைத்த கண்களாக வந்து குனிந்தார். உதட்டை ஒரு பக்கம் இழுத்தார், மறு பக்கம் இழுத்தார். கையுறை விரலால் அந்த வட்டத்தை ஒரு சுற்றுத் தடவினார்.

"என்ன டாக்டர்?" என்றாள் லாவோன். "முத்தமா?"

"குளிர்," என்றார் டாக்டர். "வெறும் குளிர், லாவோன். இந்த வருஷம் நிறையப் பேருக்கு இருக்கு." வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒரு களிம்பு எடுத்துக் கொடுத்தார். பாதி ஏற்கெனவே பிதுக்கினது.

லாவோன் பெருமூச்சு விட்டு வரவேற்பு மேஜைக்குப் போனாள். டாக்டர் கண்ணாடியையும் கொக்கியையும் கையில் எடுத்தார்.

"வந்ததுதான் வந்தீங்க, அழுக்கை எடுத்துடறேன். பயிற்சி எப்படிப் போகுது, வெர்னன்?"

"ஆ," என்றார் வெர்னன். வாயில் கொக்கி இருந்தது.

"எனக்குச் சரியா போகல. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நமக்கு நாமே எப்படிக் கேக்கறோமோ அது ஒண்ணு. வெளியில கேக்கறது வேற. நான் இந்தக் குளிர்காலத்துலதான் என்னோடதை வெளியிலருந்து கேட்டேன்."

"ஆ?"

"கொடுமையா இருந்துது. அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. சுரம் நடுங்குது, முடிவுல தொங்குது, மேலே போறப்போ மாடு படி ஏறுற மாதிரி. அதனாலதான் மத்தியானம் கிளினிக்கை மூடிட்டேன். தினம் மூணு மணி நேரம் உழைக்கிறேன். என்ன உழைச்சும் அப்படியேதான் கேக்குது." கொக்கியை வாயிலிருந்து எடுத்தார். "துப்புங்க."

வெர்னன் துப்பினார். அவர் மனத்தில் இரக்கமும் ஆனந்தமும் ஒன்றாகப் பொங்கின. இரக்கம் ஒரு தேக்கரண்டி இருக்கும்.

"மனசை விட்டுடாதீங்க டாக்டர்," என்றார் பெருந்தன்மையாக. "எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையறதில்ல."

மார்ச் முதல் சனிக்கிழமை வந்தது. தேர்வு லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். பல வருடங்களுக்கு முன் ஒரு கிளாரினெட் தேர்வில் யாரோ யாருக்கோ சலுகை காட்டியதாகப் பேச்சு வந்து, இரண்டு குடும்பங்கள் பதினோரு வருடம் ஒரே விருந்தில் ஒருவர் கொண்டுவந்த பண்டத்தை மற்றவர் தொடாமல் இருந்தார்கள். அதிலிருந்து விதி கடுமையானது: வாசிப்பவருக்கும் குழுவுக்கும் நடுவே மாதர் சங்கத்தின் பெரிய தையல் போர்வை தொங்கும், காலடிச் சத்தம் தெரியாதிருக்கக் கம்பளிக் காலுறையோடு நடக்க வேண்டும், இருமக்கூடக் கூடாது. பெயருக்குப் பதில் சீட்டில் எண்.

வெர்னனுக்கு இரண்டாம் எண். சமையலறையில், காபி அண்டாவின் பக்கத்தில், அவர் காத்திருந்தார். மேல்கோட்டுக்கு உள்ளே தங்க நூல் ஜாக்கெட் கதகதப்பாக இருந்தது.

உள்ளே முதலாம் எண் பதினேழாம் பயிற்சியைத் தொடங்கியது.

வெர்னன் கையிலிருந்த கேக் துண்டு விழுந்தது.

அந்தச் சுரம் அவருக்குத் தெரியும். உருண்டை, கனம், வெண்ணெய். ஏழு வாரம் சேற்று ஏரி அவருக்குத் திருப்பித் தந்த அதே ஒலி, அதே ஏற்றம், அதே முடிவு. அது அவருடைய ஒலி. டாக்டர் ஏரிக்கரையில் எங்கோ ஒளிந்திருந்து அதைக் கேட்டு, அப்படியே திருடிக்கொண்டு வந்து, போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்.

ஆத்திரத்தில் அவர் மூச்சு நன்றாக இறங்கியது. தம் முறை வந்தபோது, வாழ்க்கையிலேயே மிகச் சிறப்பாக வாசித்தார். ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. ஒரு சுரமும் விழவில்லை. கடைசிச் சுரத்தைப் பன்னிரண்டு எண்ணிக்கை பிடித்தார். தேவாலயத்தில் கண்ணாடிப் பாத்திரம் ஏதும் உடையவில்லை.

போர்வைக்கு அப்பால் கொஞ்சம் கிசுகிசுப்பு. பிறகு ஆர்டித் ஸ்கார் போர்வையை விலக்கினார்.

"முதலாம் எண்," என்றார். "டாக்டர் நெல்லெசன். மிஸ்டர் டெஷ், நீங்க வாசிச்சது நிஜமாவே நல்லா இருந்துது. இருபத்தேழு வருஷத்துல இன்னைக்குத்தான் நான் உங்களைக் கேட்டிருக்கேன்."

வெர்னன் எழுந்து மேல்கோட்டைக் கழற்றினார். 'முதல் டியூபா' குழல்விளக்கில் பளபளத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"விதி ஒன்பது," என்றார். "உறுப்பினர் யாரும் அங்கேயே முறையீடு செய்யலாம். செய்யறேன். இந்த மனுஷன் என் ஒலியைத் திருடிட்டார்."

வால்வைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். இன்று முகமூடி இல்லை. உதட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது.

"ஒலியை எப்படித் திருட முடியும்?" என்றார் ஆர்டித்.

"சாட்சி இருக்கு. ஏழு வாரமா சேத்து ஏரி வடக்குக் கொட்டகையில நான் பயிற்சி பண்றேன். ஒவ்வொரு நாளும் என் ஒலி ஏரியில பட்டுத் திரும்பி வந்துது. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன். படிச்சுப் பாருங்க."

ஆர்டித் சிவப்பு நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, பள்ளிக்கூடக் குரலில் படித்தார்.

"'ஜனவரி இருபத்திரண்டு. நீள் சுரம். நான் பத்து எண்ணிக்கை. எதிரொலி பன்னிரண்டு.'"

"ஏரி பெருசு," என்று விளக்கினார் வெர்னன்.

"'பிப்ரவரி மூன்று. பதினோராம் பயிற்சியில் எனக்கு விரல் தடுமாறியது. எதிரொலி தடுமாறவில்லை. ஏரி பெருந்தன்மையானது.'"

குழுவில் ஒருவர் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டார்.

"'பிப்ரவரி பத்தொன்பது. ஜலதோஷம். இன்று வாசிக்கவில்லை. கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.'" ஆர்டித் நிறுத்தி, அடுத்த வரியை ஒரு தடவை மனசுக்குள் படித்துவிட்டு, உரக்கப் படித்தார். "'எதிரொலி முக்கால் மணி நேரம் கேட்டது.'"

"அத்தனை வாரம் ஊதினது," என்றார் வெர்னன். தலை நிமிர்ந்திருந்தது, குரலில் பெருமை கொஞ்சமும் குறையவில்லை. "ஒலி பனிக்குள்ள சேர்ந்துடுது. டொரீனையே கேளுங்க. அவளோட ஏரி."

எல்லோரும் டொரீனைப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார்; அவர் முகம் ஏற்கெனவே வெளுத்துப்போயிருந்தது. டொரீன் செயலாளர் குறிப்பேட்டை மூடி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"அந்த ஏரியில எதிரொலி கிடையாது, வெர்ன், தெற்குக் கொட்டகையை டாக்டருக்கு விட்டிருந்தேன், அவரும் தினம் என் கடைக்கு வந்து, தன்னோட எதிரொலியைக் காது குடுத்துக் கேக்க முடியலன்னு அழுதுட்டுப் போவார்."